கையில் பூவாளி இல்லாமல் தோட்டத்துக்குப் போங்கள்

மூன்று வருஷமாகப் பூந்தோட்டம் வைத்திருக்கிறீர்கள். செடிக்கும் குறைவில்லை, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றுவது, களை பறிப்பது, பூச்சி பார்ப்பது என்றே பொழுது போய்விடுகிறது, உட்கார்ந்து ரசித்தேன் என்று சொல்ல ஒரு நாள் கூட வாய்க்கவில்லை என்கிறீர்கள். வீட்டுக்கு வருகிறவர்களும் வாசலில் நின்றபடியே "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். தோட்டத்தை எப்படி அனுபவிப்பது, அந்தச் சந்தோஷத்தை மற்றவர்களுக்கும் எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பூச்செடிகளோடு இருக்கிறேன். முதல் ஏழெட்டு வருஷம் நானும் உங்களைப் போலத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். மெதுவாகப் புரிந்தது இதுதான்: ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. நாமோ நமக்கு ஒழிந்த நேரத்தில் போய்ப் பார்க்கிறோம். விருந்தாளியையும் அப்படித்தான் கூட்டிப் போகிறோம். பூவின் நேரத்துக்கு நாம் போகத் தொடங்கினால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பவளமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு விரிந்து, விடிவதற்குள் உதிர்ந்துவிடும். காலை ஒன்பது மணிக்குப் போனால் தரையில் வாடிக் கிடப்பதைத்தான் பார்ப்பீர்கள். அந்திமந்தாரை மாலை நாலு மணி வாக்கில் விரியும், மறுநாள் வெயில் ஏறும்போது சுருங்கிவிடும். பத்துமணிப் பூ இதற்கு நேர் எதிர். நல்ல வெயில் அடித்தால்தான் திறக்கும், மேகம் மூடினால் அன்று முழுவதும் மூடியே கிடக்கும். செம்பருத்தியில் பெரும்பாலான வகைகளுக்கு ஒரு பகல்தான் ஆயுள். மல்லிகையும் முல்லையும் சாயங்காலத்துக்குப் பிறகு விரிந்து இரவில்தான் முழு மணமும் காட்டும். நீங்கள் காலை எட்டு மணிக்கு அவசரமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் என்றால், உங்கள் தோட்டத்தின் பாதியை நீங்கள் இன்னும் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

இதைக் கவனித்து எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய அதே மனிதர்தான். எந்தப் பூ எத்தனை மணிக்குத் திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பட்டியல் போட்டு, பூக்களாலேயே ஒரு கடிகாரம் அமைக்கலாம் என்று 1751-இல் எழுதினார். பூக்களை அவர் மூன்று கூட்டமாகப் பிரித்தார். வானிலையைப் பொறுத்து நேரம் மாற்றிக்கொள்பவை, பகலின் நீளத்தைப் பொறுத்து மாற்றிக்கொள்பவை, எது எப்படி இருந்தாலும் தன் நேரம் தவறாதவை. உங்கள் தோட்டத்துக்கும் இப்படி ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு நோட்டில் செடியின் பெயர், திறந்த நேரம், மூடிய நேரம், மணம் தெரிந்த நேரம், அவ்வளவுதான். இரண்டு வாரம் எழுதினால் போதும். யாரும் சொல்லித் தராமலே எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அடுத்த வருஷம் அதே மாதத்தில் அந்த நோட்டைப் பிரித்துப் பார்ப்பது தனிச் சுகம்.

அடுத்தது கை. தோட்டத்துக்குப் போகும்போது கையில் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பூவாளி இருந்தால் கண் காய்ந்த தொட்டியைத் தேடும். கத்தரி இருந்தால் வாடிய பூவைத் தேடும். போன் இருந்தால் சொல்லவே வேண்டாம். வேலைக்கு ஒரு நேரம், பார்ப்பதற்கு வேறொரு நேரம் என்று பிரித்துவிடுங்கள். பார்க்கப் போன நேரத்தில் ஒரு களை கண்ணில் பட்டால் அது அங்கேயே இருக்கட்டும், நாளைக்கும் அங்கேதான் இருக்கும். முதலில் இது கஷ்டம், கை தானாகக் கீழே போகும். எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது.

வேலையைக் குறைக்கவும் வழி உண்டு. மண்ணை மூடும்படி காய்ந்த இலையைப் பரப்பினால் களையும் குறையும், ஈரமும் நிற்கும். சின்னச் சின்னத் தொட்டி நாற்பது வைப்பதைவிடப் பெரிய தொட்டி பத்து வைத்தால் தண்ணீர் வேலை பாதியாகும். உங்களுக்கே பிடிக்காத, யாரோ கொடுத்தார்கள் என்று வைத்திருக்கும் செடிகளை விரும்புகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். இது போதும், வேலையைப் பற்றி இங்கே அதிகம் பேச விருப்பமில்லை.

உட்கார ஓர் இடம் கட்டாயம் வேண்டும். பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களில் இல்லாதது இதுதான். அழகான பெஞ்சு வேண்டும் என்பதில்லை, ஒரு பழைய ஸ்டூல் போதும். ஆனால் அது அங்கேயே கிடக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து தூக்கி வரும்படி இருந்தால் நீங்கள் உட்காரவே மாட்டீர்கள். உட்கார்ந்தால் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் ஒரு மணமுள்ள செடி இருக்கட்டும். சாயங்காலம் உட்காருகிறவர் என்றால் எதிரில் வெள்ளையும் நீலமும் வையுங்கள். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் இருண்டு போகும், நீலமும் வெள்ளையும் கடைசி வரை தெரியும். இதற்குக் கண் மருத்துவத்தில் புர்கின்யே விளைவு என்று பெயர். பகலில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு ரோஜா ஆறரை மணிக்குக் கறுப்பாகத் தெரிவதும், பகலில் யாரும் திரும்பிப் பார்க்காத நந்தியாவட்டை அதே நேரத்தில் விளக்கு ஏற்றி வைத்தது போல நிற்பதும் இதனால்தான்.

உட்கார நேரமே இல்லை என்கிற நாட்களுக்கு ஜன்னல் இருக்கிறது. 1984-இல் ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் சயின்ஸ் இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பியிருந்தார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டிருந்தார்கள். இதைப் படித்த பிறகு, தோட்டத்தின் நல்ல செடிகளைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்த நான் இரண்டை எடுத்துச் சமையலறை ஜன்னலுக்கு நேரே வைத்தேன். பாத்திரம் கழுவும்போது கண் போகிற இடத்தில் ஒரு சங்குப்பூக் கொடி. வருஷம் முழுக்க அதைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

சரி, உட்கார்ந்தாயிற்று, எதைப் பார்ப்பது? நம் மொழியே இதற்கு வழி சொல்லி வைத்திருக்கிறது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஏழு நிலைக்கும் ஏழு பெயர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோனதுதான். ஒரே ஒரு செடியின் முன்னால் நின்று இந்த ஏழையும் தேடிப் பாருங்கள். நன்றாகப் பூக்கும் ரோஜாச் செடியில் ஒரே நாளில் ஏழும் கிடைக்கும். மொட்டுக்கும் முகைக்கும் என்ன வித்தியாசம் என்று கண்ணால் தெரிந்துகொள்ள எனக்கு ரோஜாதான் உதவியது. மொட்டில் பச்சைப் புல்லிதழ்கள் இறுக்கி மூடியிருக்கும், உள்ளே என்ன நிறம் என்று தெரியாது. முகையில் அந்தப் பச்சை பிளந்து நிறம் ஒரு கோடாக எட்டிப் பார்க்கும். வாடுகிற பூவையும் விட்டுவிடாதீர்கள். மலர்ந்ததை மட்டும் தேடினால் தோட்டத்தில் ஏழில் ஒன்றைத்தான் பார்க்கிறோம்.

நிறம் மாறும் பூக்களையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். செம்பருத்தி இனத்திலேயே ஒன்று காலையில் வெள்ளையாக விரிந்து, மத்தியானம் இளஞ்சிவப்பாகி, மாலையில் நல்ல சிவப்பாகிவிடும். உண்ணிச்செடியின் பூங்கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ஆரஞ்சும் சிவப்பும் இருக்கும். புதிதாக விரிந்தது மஞ்சள், நாள் ஆனது சிவப்பு. வண்ணத்துப்பூச்சி அந்தக் கொத்தில் இறங்கும்போது பெரும்பாலும் மஞ்சளைத்தான் தேடிப் போகும், தேன் அங்கேதான். பத்துமணிப் பூவின் நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டுகளைப் புல் நுனியால் லேசாகத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இரண்டொரு நொடியில் அவை மெல்லச் சாய்வது கண்ணுக்கே தெரியும். செடி அசையாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் யாருக்கும் இதைக் காட்டலாம். பெரியவர்கள் கூடக் குனிந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பார்கள்.

மணத்தில் ஒரு விஷயம். பூவில் மூக்கைப் புதைத்து ஆழமாக இழுத்தால் முதல் மூச்சில் கிடைத்தது மூன்றாவது மூச்சில் கிடைக்காது. பூ மணத்தை நிறுத்திவிடவில்லை, நம் மூக்குதான் பழகிவிட்டது. நாலடி தள்ளிப் போய் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வந்தால் மறுபடியும் புதிதாகத் தெரியும். காற்று அசையாத, லேசான ஈரம் உள்ள பொழுதில்தான் மணம் தங்கி நிற்கும். கொளுத்தும் வெயிலில் சீக்கிரம் கலைந்துவிடும். இரவில் விரியும் பூக்கள் பெரும்பாலும் வெள்ளையாகவும் நல்ல மணத்தோடும் இருப்பது அந்திப்பூச்சிகளை அழைக்கத்தான். இருட்டில் மற்ற நிறங்கள் எடுபடாது.

தேனீயைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரே ஒரு தேனீயை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் போங்கள். தோட்டத்தில் பத்து வகைப் பூ இருந்தாலும் அது ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகையைத்தான் தேடித் தேடிப் போகும். அரிஸ்டாட்டில் காலத்திலேயே இதைக் கவனித்திருக்கிறார்கள். செடிக்கு இது பெரிய உதவி, அதே இனத்தின் மகரந்தம் அதே இனத்துக்குப் போய்ச் சேருகிறது. தேனீக்குச் சிவப்பு ஒரு நிறமாகத் தெரியாது, ஆனால் நமக்குத் தெரியாத புற ஊதாக் கோடுகள் இதழில் அதற்குத் தெரியும். இப்படித் தேனீ தேடி வந்து இறங்கும் இடம் என்பதால், திறந்த பூ மேல் மருந்து அடிக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து, இலைக்கு மட்டும்.

இனி மற்றவர்களுக்குக் கொடுப்பது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். கண்பார்வை மங்கிக்கொண்டே வந்து கடைசியில் வெளிச்சம், நிழல் மட்டும்தான் தெரிந்தது. அவரைத் தோட்டத்துக்கு அழைக்க எனக்குத் தயக்கமாக இருந்தது, பார்க்க முடியாதவருக்கு என்ன காட்டுவது என்று. ஒரு நாள் அவராகவே, "தம்பி, உன் தோட்டத்துல கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?" என்று கேட்டார். விடியற்காலை ஐந்து மணிக்குப் பவளமல்லி மரத்தடியில் நாற்காலி போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "விழுற சத்தம் கேக்குது பாரு" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் கேட்டது. பூ நேராகத் தரையில் விழுந்தால் சத்தமே இல்லை, கீழே கிடந்த காய்ந்த இலை மேல் விழுந்தால் மட்டும் ஒரு சின்ன 'தப்'. அந்த மரத்தை அதற்கு முன்னால் ஒன்பது வருஷமாக வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவர் போகும் வரை அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். கருவண்டு பூவைப் பிடித்து அதிரும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் பூத்திருக்கிறது என்று சொல்லுவார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, யாரையும் "தோட்டத்தைப் பார்க்க வாருங்கள்" என்று பொதுவாக அழைப்பதில்லை. இந்த நேரத்தில் இந்தப் பூவுக்கு வாருங்கள் என்று அழைக்கிறேன். முழுத் தோட்டத்தையும் சுற்றிக் காட்டினால் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே பச்சையாகக் கலந்துவிடும். "சும்மா நல்லா இருக்கு" என்பதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? ஒரே ஒரு செடி, ஒரே ஒரு விஷயம், பத்து நிமிஷம். மீதியை அவர்களே தேடிக்கொள்வார்கள். செடியின் பெயர், அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்தேன் என்ற கதையையெல்லாம் அவர்கள் கேட்டால் சொல்லலாம். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் வருவார்கள் என்றால் பாதையில் குழாயும் தொட்டியும் கிடக்காமல் ஒதுக்கி, இரண்டு மூன்று செடிகளை மேஜை உயரத்துக்குத் தூக்கி வையுங்கள்.

நிஷாகந்தி இருந்தால் உங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒரே ஓர் இரவு பூத்து விடியும்முன் தொங்கிவிடும் பூ, அதைத் தனியாகப் பார்ப்பது வீண். எந்த இரவு என்று எப்படித் தெரியும்? மொட்டைப் பாருங்கள். இலை ஓரத்தில் சின்னதாகக் கிளம்பி, நாளாக ஆகக் காம்பு நீண்டு கீழ்நோக்கித் தொங்கும். பூக்கும் நாள் நெருங்கும்போது தொங்கிய மொட்டு தூண்டில் முள் மாதிரி வளைந்து தலையைத் தூக்கும், பருத்துக்கொண்டும் வரும். அப்போது வேண்டியவர்களுக்குத் தகவல் சொல்லி வையுங்கள். அன்று மாலையே மொட்டின் நுனி லேசாகப் பிரிந்து வெள்ளை தெரிந்தால் இன்றைக்குத்தான். எட்டு, ஒன்பது மணிக்கு நன்றாகத் திறக்கத் தொடங்கும். கண் கொட்டாமல் பார்த்தால் வெளி இதழ் ஒன்று சட்டென்று நடுங்கி விலகுவது தெரியும். மொட்டு முழுவதும் ஒரு சிலிர்ப்பு ஓடும். மணம் அதற்குப் பிறகுதான் வரும், வந்தால் வாசல் வரை வரும். நடுராத்திரிக்குள் விரித்த கை அளவுக்கு நின்றுவிடும். பெரிய விளக்கைப் போட்டுவிடாதீர்கள், ஒரு சின்ன வெளிச்சம் பக்கவாட்டில் இருந்தால் போதும். நான் அழைத்தவர்களில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தவர்கள் கூட அதன் முன்னால் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

குழந்தைகள் வந்தால் தொடாதே, பறிக்காதே என்று தொடங்காதீர்கள். தொட்டுப் பார்க்கவே சில செடிகள் வையுங்கள். காசித்தும்பையின் முற்றிய காய் விரல் பட்டதும் வெடித்து விதையைச் சிதறடிக்கும், அதை ஒரு தடவை பார்த்த குழந்தை செடி முழுக்க முற்றிய காயைத் தேடும். எது முற்றியது, எது பிஞ்சு என்று நாம் சொல்லித் தராமலே கற்றுக்கொள்ளும். நீலச் சங்குப்பூ நாலைந்தைச் சுடுநீரில் போட்டால் நீர் நீலமாகும். அதில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் ஊதாவாகி இளஞ்சிவப்புக்குப் போகும். பூவின் நீலநிறப் பொருள் புளிப்புப் பட்டதும் நிறம் மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். குழந்தைக்கென்றே ஒரு தொட்டியும் கொடுங்கள், அதில் துலுக்கச் சாமந்தியோ காஸ்மோஸோ விதைக்கட்டும். சீக்கிரம் முளைத்து இரண்டு மூன்று மாதத்தில் பூத்துவிடும். நீங்கள் அந்தத் தொட்டியில் கை வைக்காதீர்கள், தண்ணீர் அதிகமாகி நாலு நாற்று அழுகினாலும் சரி.

பூவைப் பறித்துக் கொடுக்கலாமா என்றால், தாராளமாக. பறிக்கப் பறிக்கத்தான் பல செடிகள் பூக்கும். சாமந்தி, ஜின்னியா, காஸ்மோஸ், ரோஜா எல்லாம் விதை பிடிக்க விட்டால் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஜாடிக்கு வெட்டுவதானால் விடியற்காலையில் வெட்டுங்கள், இரவெல்லாம் நீர் குடித்து தண்டு நிமிர்ந்திருக்கும். கையில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், வெட்டியவுடன் அதில் போய்விட வேண்டும். ரோஜாவை இறுகிய மொட்டில் வெட்டினால் திறக்காமலே தலை சாய்ந்துவிடும். வெளி இதழ் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்போது வெட்ட வேண்டும். கிளாடியோலஸில் அடிப்பூ இரண்டு மூன்று திறந்ததும் வெட்டலாம், மற்றது ஜாடியில் வரிசையாக மேலே திறந்துகொண்டு போகும். ஜின்னியாவுக்கு ஒரு சோதனை உண்டு. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கழுத்து துவண்டால் இன்னும் ஆகவில்லை, விறைப்பாக நின்றால் வெட்டலாம்.

ஜாடியில் தண்ணீருக்குள் போகும் இலையெல்லாவற்றையும் உருவிவிடுங்கள், நாற்றம் வருவது அந்த இலை அழுகித்தான். தண்டின் அடியை மறுபடியும் சாய்வாக வெட்டி வையுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி பிளீச் திரவம் சேர்த்தால் பூ கூடுதல் நாள் தாங்கும். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, புளிப்பு நீர் ஏறுவதற்கு உதவும், பிளீச் கிருமியைக் கட்டுப்படுத்தும். பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவையும் சீக்கிரம் முதுமையாக்கிவிடும். அப்புறம், பெரிய கொத்தாகத்தான் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பழைய மருந்து பாட்டிலில் ஒரே ஒரு தண்டு வைத்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு ஜாடி தேடும் வேலை கூட இல்லை, மேஜையில் வைத்துப் பக்கத்தில் பார்ப்பார்.

செடியாகவே கொடுப்பதுதான் எனக்கு மிகப் பிடித்தது. செம்பருத்தி, ரோஜா, நந்தியாவட்டை எல்லாவற்றுக்கும் பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் குச்சி எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே அடியைச் சாய்வாகவும் மேல் நுனியை நேராகவும் வெட்டுங்கள். அழகுக்காக இல்லை, எது தலை எது கால் என்று பிறகு குழம்பாமல் இருக்கத்தான். தலைகீழாக நட்ட குச்சி தேறுவது அபூர்வம். நுனியில் இரண்டு இலை விட்டு மீதியை எடுத்துவிட்டு, நிழலில், ஈரம் தங்கும் ஆனால் நீர் நிற்காத மண்கலவையில் நட்டால் மூன்று நாலு வாரத்தில் வேர் வரத் தொடங்கும். துளிர் வந்துவிட்டதே என்று உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். குச்சியில் இருந்த சத்திலேயே துளிர்க்கும், வேர் பிறகுதான் வரும். மல்லிகைக்குப் பதியம் இன்னும் சுலபம். தாழ்ந்த கொடி ஒன்றை வளைத்து ஒரு கணுவை மண்ணுக்குள் அமுக்கி மேலே கல் வைத்துவிட்டால் போதும், தாய்ச்செடி பால் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

விதை கொடுப்பதானால் செடியிலேயே காய்ந்த பூவிலிருந்து எடுத்து, நிழலில் இன்னும் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் மிச்ச ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். உறை மேல் பூவின் பெயர், நிறம், எடுத்த மாதம், வருஷம். கலப்பின ரகச் சாமந்தி போன்றவற்றின் விதை தாய் போலவே பூக்காது, அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கொடுப்பதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. ஒரு தடவை தோழி ஒருவருக்கு ரோஜாச் செடி ஆசையாகக் கொடுத்தேன். இலை அடியில் மாவுப்பூச்சி இருந்ததை நான் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டே மாதத்தில் அவருடைய செம்பருத்தி வரிசை முழுவதும் போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் எனக்கு இன்று வரை மனசு உறுத்துகிறது. இப்போதெல்லாம் கொடுக்க வேண்டிய செடியை இரண்டு வாரம் தனியாக வைத்து, இலை அடி, கணு இடுக்கு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். வாங்குகிறவரிடமும் கொஞ்ச நாள் தனியாக வையுங்கள் என்று சொல்கிறேன். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. செங்காந்தள் பார்க்க எவ்வளவு அழகோ அதன் கிழங்கு அவ்வளவு கொடியது. ஊமத்தையும் அப்படித்தான். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இவை வேண்டாம். பூனை வளர்க்கும் வீட்டுக்கு லில்லி கொடுக்கவே கொடுக்காதீர்கள். மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகும்போது மணம் தூக்கலான பூ வேண்டாம், தலைவலியோ மூச்சுத் திணறலோ வரலாம். கண்ட இடத்தில் பரவி மற்றச் செடிகளை அமுக்கிவிடும் உண்ணிச்செடி போன்றவற்றை என் தோட்டத்தில் பார்க்கச் சொல்வேனே தவிரக் கொடுப்பதில்லை.

தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் படம் அனுப்பலாம். தோட்டம் முழுவதையும் எடுக்காமல், ஒரே மொட்டை ஒரே இடத்தில் நின்று தினமும் காலை இளவெயிலில் எடுத்து அனுப்புங்கள். நாலாம் நாள் அவர்களே "இன்னிக்கு விரிஞ்சுதா?" என்று கேட்பார்கள்.

நிஷாகந்தி இரவு வந்தவர்களுக்கு நான் கடைசியில் ஓர் இலை வெட்டிக் கொடுத்து அனுப்புவது வழக்கம். இலை போலத் தெரிவது உண்மையில் தட்டையான தண்டு, அதனால்தான் அதிலிருந்தே செடி வருகிறது. ஒரு சாண் துண்டு, எந்தப் பக்கம் அடி என்று நூல் கட்டி வைப்பேன். "நாலைந்து நாள் நிழலில் போட்டு வெட்டிய முனை காய்ந்த பிறகு இரண்டு விரற்கடை ஆழத்தில் நடுங்கள், தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும், மொட்டு தலை தூக்கிய அன்று எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்" என்பேன். போன வருஷம் அப்படி மூன்று பேர் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ராத்திரி பதினொன்று, அவர் வாசல் விளக்கை அணைத்துவிட்டு எனக்காக ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்.